பாதுகாப்பு என்ன, கூடுதல் பொறுப்பாகக் கொடுக்கும் இலாகாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மத்திய அமைச்சரவை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாதுகாப்பு அமைச்சர் பதவி பெயருக்குத்தான் பெரியது, முடிவெடுப்பவர் பிரதமர், சண்டை போடுபவர்கள் படையினர், நடுவில் இருப்பவருக்கு அணிவகுப்பு மரியாதையை ஏற்பதைத் தவிர அதிக வேலையில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தார் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதே எண்ணம் டெல்லியிலும் இருப்பதால்தான் அந்த இலாகாவை அவ்வப்போது வேறொருவர் தலையில் கூடுதல் பொறுப்பாகக் கட்டிவிடுகிறார்கள்.

முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவருக்கு. நாட்டைக் காக்கும் பொறுப்பு அமைச்சரவைக்கு. அந்தப் பொறுப்பை அன்றாடம் சுமப்பது பாதுகாப்பு அமைச்சகம். பீரங்கி கொள்முதல், டி.ஆர்.டி.ஓ. என்ற ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை, ஆவடியில் டாங்கி, எங்களைப் போன்றவர்களின் பென்ஷன் எல்லாம் அங்கேதான் போய் நிற்கும். 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் பென்ஷனுக்கு மட்டும் 1.60 லட்சம் கோடிக்கு மேல். இவ்வளவு பணம் புரளும் அமைச்சகத்தை ஒருவர் மாலை நேரத்தில் கவனித்துக்கொள்ளலாம் என்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

எங்கள் யூனிட் பனிப் பகுதியில் இருந்தபோது குளிர்கால பூட்ஸுக்கு இண்டென்ட், அதாவது தேவைப் பட்டியல், எழுதியது நான்தான். நம் பையன்களுக்கு ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர் வேண்டும். வந்து இறங்கியதில் பாதிக்கு மேல் ஒன்பதும் பத்தும். கம்பளி சாக்ஸை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு இட்டு நிரப்பிக்கொண்டு சென்ட்ரி டூட்டிக்குப் போவார்கள். காகிதம் மேலே போகும். பதில் இறங்கி வராது. மேலிடத்தில் யாராவது ஒருவர் கேட்டால்தான் அந்தக் கோப்பு அசையும்.

அப்படிக் கேட்டவர் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ். சியாச்சின் வீரர்களுக்குப் பனி ஸ்கூட்டர் வாங்கும் கோப்பை அமைச்சக அதிகாரிகள் இழுத்தடித்தார்கள் என்று தெரிந்ததும், அவர்களையே சியாச்சினுக்கு அனுப்பி அங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார். 1998-ல் நடந்தது இது. அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஆனால் பனியில் நிற்பவனை நினைத்துப் பார்த்த அமைச்சர் அவர் என்று பட்டாளத்தில் இன்றும் சொல்கிறோம்.

சண்டைக் காலத்துக்கு ஒய்.பி. சவானைப் பாருங்கள். 1962 சீனப் போரின் அவமானத்தில் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் விலகிய பிறகு, மகாராஷ்டிர முதல்வராக இருந்தவரை நேரு அழைத்து இந்த இலாகாவை ஒப்படைத்தார். முழு நேர அமைச்சராக இருந்து தளபதிகளோடு தவறாமல் உட்கார்ந்து பேசினார். அதன் பலன் 1965 செப்டம்பர் 1 அன்று தெரிந்தது. ஜம்முவின் சாம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் புகுந்துவிட்டன. மாலைப் பொழுதில் ராணுவத் தளபதி சவுத்ரியும் விமானப்படைத் தளபதி அர்ஜன் சிங்கும் சவானிடம் வந்து நிற்கிறார்கள். போர் விமானங்களை அனுப்பினால் ஒழியத் தடுக்க முடியாது என்கிறார்கள். இருட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அமைச்சரவைக் குழு கூடட்டும் என்று சவான் காத்திருக்கவில்லை. சில நிமிடங்களில் சரி என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் பதான்கோட்டிலிருந்து விமானங்கள் கிளம்பின. அன்று போன பழைய வாம்பயர் விமானங்களில் நான்கு திரும்பவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அப்படியொரு முடிவை எடுக்கும் துணிவு, தளபதிகளை அன்றாடம் பார்த்து, அவர்கள் பேச்சை எடைபோடத் தெரிந்தவருக்குத்தான் வரும்.

மேனனையும் 1962-ஐ மட்டும் வைத்து எடைபோடுவது அநியாயம். ராணுவத் தளபதி திம்மய்யா 1959-ல் ராஜினாமா கடிதம் கொடுக்கும் அளவுக்கு அவரோடு மோதல் முற்றியது உண்மை. அந்தப் பிளவுக்கு நாடு கொடுத்த விலை பெரியது. அதே மேனன் காலத்தில்தான் 1958-ல் டி.ஆர்.டி.ஓ. பிறந்தது. பிள்ளைகளை ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குத் தயார் செய்யும் சைனிக் பள்ளிகள் தொடங்கின. நம் அமராவதிநகர் பள்ளி 1962-ல் வந்தது. ஆவடி டாங்கி தொழிற்சாலைக்கும் அவர் காலத்தில்தான் வித்திட்டார்கள். அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்த 1965-ல் அவர் பதவியில் இல்லை. இந்த இலாகாவில் ஒருவர் விதைத்ததை அறுப்பவர் பெரும்பாலும் வேறொருவர்தான்.

இந்த இடத்தில் ஆர். வெங்கட்ராமனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். தஞ்சை ஜில்லா ராஜாமடத்துக்காரர். குடியரசுத் தலைவராக இருந்தவர் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். 1982 முதல் 1984 வரை பாதுகாப்பு அமைச்சராக இருந்து அவர் செய்த காரியம் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்ற திட்டத்தோடு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர் வி.எஸ். அருணாசலமும் அப்துல் கலாமும் அவரிடம் போகிறார்கள். படிப்படியாக வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்குங்கள் என்கிறார் அமைச்சர். அவகாசம் கேட்டவர்களை மறுநாள் காலையில் வரச் சொல்கிறார். இரவோடு இரவாக உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தி எழுதியதைக் கலாமே நினைவுகூர்ந்திருக்கிறார். 1983-ல் 388 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது. அந்த ஏவுகணைகளில் பிருத்வி 1988-லும் அக்னி 1989-லும் பறந்தன. திரிசூல் கைவிடப்பட்டது, ஆகாஷ் படையில் சேர ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன என்பதெல்லாம் பின்கதை. நிதி அமைச்சராக இருந்துவிட்டு வந்தவர் பணத்துக்குப் பயந்து திட்டத்தைச் சுருக்கியிருக்கலாம். அவர் பெரிதாக்கினார். பெயருக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் செய்கிற வேலையா இது?

நம் பக்கத்திலிருந்து போனவர்கள் இன்னும் உண்டு. 1952-ல் கோபாலசாமி ஐயங்கார் வந்தார்; மறு ஆண்டே பதவியில் இருக்கும்போது காலமானார். 1979-ல் சி. சுப்பிரமணியம் சில மாதங்கள்தான் இருந்தார். நிர்மலா சீதாராமன் 2017 செப்டம்பரில் வந்தார். இவர் வந்த நேரம்தான் என் வாதத்துக்கு வலுவான சான்று.

அந்த ஆண்டு மார்ச்சில் மனோகர் பாரிக்கர் கோவா முதல்வராகத் திரும்பிப் போய்விட்டார். இலாகா அருண் ஜெட்லியிடம் வந்தது. அவரோ நிதி அமைச்சர். ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. தொடங்குகிறது. தூங்க நேரமிருந்திருக்காது. ஜூன் நடுவில் பூட்டான் எல்லையை ஒட்டிய டோக்லாமில் சீனப் படையும் நம் படையும் முகத்துக்கு முகம் நின்றன. ஆகஸ்ட் 28 வரை அந்த இழுபறி நீடித்தது. அத்தனை நாளும் நாட்டுக்கு முழு நேரப் பாதுகாப்பு அமைச்சர் இல்லை. எல்லாம் அமைதியாக முடிந்த பிறகு செப்டம்பரில்தான் நிர்மலா வந்தார். ஜெட்லியின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மனிதருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம்? 2014-லும் இதே ஜெட்லி இதே இரண்டு இலாகாக்களையும் ஐந்து மாதத்துக்கு மேல் சேர்த்துப் பார்த்தார்.

பிரதமர்களே வைத்துக்கொள்வதும் இந்தக் குறைக்குத் தப்பவில்லை. நேரு, இந்திரா, ராஜீவ், வி.பி. சிங், சந்திரசேகர், நரசிம்ம ராவ் எல்லோரும் செய்தார்கள். பிரதமர் கையில் இருந்தால் அதற்கு எடை கூடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தளபதிக்கும் பிரதமருக்கும் நடுவில் கேள்வி கேட்க ஓர் ஆள் குறைகிறது. 1986 மார்ச்சில் போபர்ஸ் பீரங்கி ஒப்பந்தம் கையெழுத்தானபோது இலாகா ராஜீவ் காந்தியிடமே இருந்தது. லஞ்சப் புகார் கிளம்பியதும் நேராகப் பிரதமர் வாசலுக்கே போய் நின்றது. அந்தப் பீரங்கிகள் கார்கிலில் நம் மானத்தைக் காத்தன. ஆனாலும் அந்தச் சர்ச்சைக்குப் பிறகு அதே ரகத்தில் அடுத்த பீரங்கி ஒப்பந்தம் கையெழுத்தாக 2016 நவம்பர் ஆகிவிட்டது. கையெழுத்துப் போட்டால் வம்பு என்று முப்பது வருஷம் கோப்புகள் தூங்கின.

முழு நேரம் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஏ.கே. அந்தோணி 2006 முதல் 2014 வரை இருந்தார், கை சுத்தமானவர். 126 போர் விமானங்களுக்கு 2007-ல் டெண்டர் விட்டார்கள், 2012 ஜனவரியில் ரஃபேல் என்று முடிவானது, அவர் பதவி விட்டுப் போகும்வரை ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. நேர்மையோடு முடிவெடுக்கும் வேகமும் வேண்டும். ஆனால் அந்த வேகத்தைப் பகுதி நேர ஆளிடம் எதிர்பார்க்கவே முடியாது.

கார்கில் போருக்குப் பின், எங்கே தவறினோம் என்று ஆராய, திருச்சியில் பிறந்த பாதுகாப்பு நிபுணர் கே. சுப்ரமணியம் தலைமையில் குழு போட்டார்கள். அதன் தொடர்ச்சியாக 2001-ல் அமைச்சர்கள் குழு முப்படைக்கும் ஒரே தலைமைத் தளபதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1. நடுவில் பெர்னாண்டஸ், ஜஸ்வந்த், பிரணாப், அந்தோணி, ஜெட்லி, பாரிக்கர், நிர்மலா என்று எத்தனை பேர் வந்து போனார்கள்! முதல் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை நம் குன்னூர் மலையிலேயே 2021-ல் இழந்தோம்.

உங்கள் இதழுக்கு ஒரு விண்ணப்பம். பாதுகாப்பு அமைச்சகம் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை பல ஆண்டுகளில் மக்களவையில் விவாதமே இல்லாமல், நேரம் முடிந்தது என்று மற்றவற்றோடு மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடும் கில்லட்டின் முறையில் நிறைவேறிவிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் கிராமங்கள் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் நிறைய உண்டு. அடுத்த பட்ஜெட் கூட்டத்தொடர் முடிந்ததும், நம் எம்.பி.க்களில் யார் பாதுகாப்பு அமைச்சரை எழுந்து கேள்வி கேட்டார்கள், என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று பெயரோடு ஒரு பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.