உங்கள் நிபுணர் திறந்தே பார்க்காத கடிகாரம்: ஒரு புகார்

நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு,

வணக்கம். இதற்குமேல் போன் பண்ணிப் பிரயோசனமில்லை என்று ஆன பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பண்ணினால் ஒருவர் எடுக்கிறார், "ஒரு நிமிஷம் சார்" என்று இன்னொருவருக்கு மாற்றுகிறார், அங்கே பாட்டு ஓடுகிறது, பாட்டு முடிந்ததும் லைன் கட்டாகிவிடுகிறது. மெயில் போட்டால் "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, அடுத்த சீசனுக்கான தேர்வு விரைவில்" என்று தானாக ஒரு பதில் வருகிறது. நான் அடுத்த சீசனுக்கு விண்ணப்பிக்கவில்லை. பழம்பொருளை நிபுணர் மதிப்பிட, வியாபாரிகள் விலை கேட்கும் உங்கள் நிகழ்ச்சியின் போன சீசனில் உங்களை நம்பிக் கொடுத்த என் தாத்தாவின் பாக்கெட் கடிகாரத்தை என்ன கதியில் திருப்பித் தந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். அதற்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

பதிவு விவரம் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. வெள்ளிக் கூடு, வெள்ளை எனாமல் டயல், ரோமன் எண்கள், அடியில் நொடிமுள்ளுக்குத் தனியாக ஒரு சின்ன வட்டம், சாவி கொடுத்து ஓடும் பழைய ஆங்கிலேயக் கடிகாரம். உங்கள் நிபுணர் அதைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, கேமராவைப் பார்த்துச் சொன்னது: "கூடு வெள்ளி முலாம்தான், அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய ரகம்." பின்மூடியை அவர் திறக்கவே இல்லை. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, நீங்களே ஒளிபரப்பிய காட்சியில் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். நகத்தை விட்டு நெம்பினால் திறக்கும் மூடி அது. திறந்திருந்தால் உள்ளே வரிசையாக முத்திரைகள்: நடந்து போகும் சிங்கம், நங்கூரம், ஒரு எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. நங்கூரம் என்றால் 1773-இல் தொடங்கிய பர்மிங்காம் மதிப்பீட்டு நிலையத்தில், அதாவது வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்தும் இடத்தில், சோதித்தது. அந்த எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தையும் அந்த நிலையத்தின் ஆண்டு எழுத்துப் பட்டியலோடு ஒப்பிட்டால் எந்த ஆண்டு என்பதே தெரிந்துவிடும், என்னுடையது 1870களில் வந்து நிற்கிறது. பட்டியல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக்கூடியது. நான் பார்த்தேன். வெள்ளிப் பொருள் நிபுணர் என்று பெயருக்குக் கீழே பட்டை போட்டுக் காட்டுகிறீர்களே, அவர் பார்க்க வேண்டாமா?

முலாம் என்பதற்கு அவர் சொன்ன காரணம், காலையில் வாங்கி வைத்தபோது கூடு கறுத்திருந்ததாம். வெள்ளி கறுக்காமல் வேறு எது கறுக்கும்? காற்றில் இருக்கும் கந்தகம் பட்டால் சுத்த வெள்ளியும்தான் கறுக்கும். முலாமாக இருந்தால் தினமும் விரல் படுகிற விளிம்பிலும் வளையத்திலும் தேய்ந்துபோய் அடியில் இருக்கும் பித்தளையோ நிக்கலோ வெளியே தெரியும். தாத்தா தினமும் சட்டைப் பையில் போட்டுப் போட்டு எடுத்த கடிகாரம், விளிம்பு மழுங்கியிருக்கிறதே தவிர வேறு நிறம் எட்டிப் பார்க்கவில்லை.

பாலிஷ் விஷயத்தை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் எது முன்னே எது பின்னே என்று ஓடமாட்டேன் என்கிறது. படப்பிடிப்பு அன்று காலையில் பொருளை மேசையில் வாங்கி வைத்தார்கள். மதியம் அரங்குக்குள் போகும்போது அது பளபளவென்று இருக்கிறது! கேமராவில் "டல்லாக" இருந்ததாம், உங்கள் உதவியாளர் யாரோ பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூடியில் இருந்த பூவேலைப்பாட்டுக் கோடுகளுக்குள் இன்னமும் வெள்ளை வெள்ளையாகப் பாலிஷ் மாவு அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஊசியால் எடுக்கவும் பயமாக இருக்கிறது. பழம்பொருளைப் பளபளப்பாக்கக் கூடாது, ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் வெள்ளியும் போகிறது வேலைப்பாடும் போகிறது என்று உங்கள் நிகழ்ச்சியிலேயே எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்களே. அதே நிகழ்ச்சியின் ஆட்கள் தேய்த்த கடிகாரத்தைப் பார்த்து, வியாபாரி ஒருவர் "இப்படிப் பாலிஷ் போட்டுக் கெடுத்துவிட்டீர்களே, அதனால் விலை குறையும்" என்று என்னிடம் சொல்கிறார். நான் தேய்க்கவில்லை, உங்கள் ஆட்கள்தான் என்று அங்கேயே சொன்னேன். ஒளிபரப்பில் அந்த வரி இல்லை, வெட்டிவிட்டீர்கள். வியாபாரி சொன்னது மட்டும் இருக்கிறது.

அந்த வியாபாரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓரத்து இருக்கையில் இருந்தவர். கடிகாரத்தை வாங்கினார், பின்மூடியைத் திறந்தார், லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார், அப்படியே சத்தமில்லாமல் மூடினார். நிபுணர் செய்யாததை அவர் செய்தார், பார்த்ததை மட்டும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அடுத்து, நிபுணர் சொன்ன மதிப்பீட்டின் அடிமட்டத்தை அப்படியே பிடித்த மாதிரி ஒரு விலை கேட்டார். மற்ற வியாபாரிகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து பேர் போட்டி போடுவதாகச் சொல்லி அழைத்த இடத்தில் ஒருவர்கூட மேலே கேட்கவில்லை. மதிப்பீடு அந்த அறைக்குள் முன்னாடியே போய்விட்டதா இல்லையா? இதை நேரடியாகவே கேட்கிறேன், நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

இந்த மாதிரி நிகழ்ச்சிகளை நான் வருஷக்கணக்காகப் பார்க்கிறவன். பிபிசியில் 1979-இல் இருந்து ஓடும் 'ஆன்டிக்ஸ் ரோட்ஷோ'வில் நிபுணர் மதிப்பைச் சொல்வதோடு சரி, அங்கே யாரும் விலை பேசி வாங்குவதில்லை. ஜெர்மனியில் 2013-இல் தொடங்கிய 'பாரெஸ் ஃப்யூர் ராரெஸ்' நிகழ்ச்சியில் நிபுணர் ஓர் இடம், வியாபாரிகள் வேறு இடம், அவர் சொன்ன மதிப்பு இவர்களுக்குத் தெரியாமலேயே ஏலம் கேட்க வேண்டும். அமெரிக்காவின் 'பான் ஸ்டார்ஸ்' 2009-இல் வந்தது, அதில் அடகுக் கடைக்காரரே நிபுணரைக் கூப்பிடுகிறார், ஆனால் அவர் சொல்வதை விற்பவரும் பக்கத்தில் நின்று கேட்கிறார். மூன்றும் வேறு வேறு முறை, ஆனால் மூன்றிலும் பொருளைக் கொண்டுவந்தவனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். உங்கள் அரங்கில் எனக்கு அது தெரியவில்லை.

வியாபாரி லாபம் வைப்பதில் எனக்குக் கோபம் இல்லை, அதைத் தயவுசெய்து திரித்துப் பேச வேண்டாம். அவர் சொந்தப் பணம் போட்டு வாங்குகிறார், பழுது பார்க்க வேண்டும், ஆள் வரும்வரை கடையில் வைத்திருக்க வேண்டும், கடையில் விற்கும் விலையை என்னிடம் தர முடியாது என்பது எனக்கும் தெரியும். ஏலத்துக்குப் போனாலும் ஏல நிறுவனம் விற்பவரிடமும் கமிஷன் எடுக்கும், வாங்குபவரிடமும் எடுக்கும். அதனால்தான் கேட்கிறேன், உங்கள் நிபுணர் "இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை" என்று சொன்னது எந்த விலை? கடையில் விற்கும் விலையா, ஏலத்தில் போகும் விலையா, வியாபாரி கொடுக்கும் விலையா, இன்சூரன்ஸுக்கு எழுதும் விலையா? அன்றைக்கே கேட்டேன். "அதெல்லாம் டெக்னிக்கல் சார், ரிலாக்ஸா இருங்க" என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றால் மதிப்பீடு வாய்மொழியாக மட்டும்தானாம்.

விற்கவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சரி, அதோடு முடிந்திருக்க வேண்டும். பொருளை உடனே கையில் கொடுத்தார்களா? இல்லை. "க்ளோசப் ஷாட் எடுக்கணும், நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றார்கள். நாளை என்பது வாரமாகி, வாரம் வாரங்களாகி, நடுவில் ஒருநாள் வரச் சொல்லி அழைத்தார்கள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு விடியற்காலையில் கிளம்பி வந்தேன். வாசல் காவலர் உள்ளே விடவில்லை, பட்டியலில் என் பெயர் இல்லையாம். வெயிலில் கேட்டுக்கு வெளியே மதியம்வரை நின்றேன், உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. கடைசியில் ஒருவர் வந்து, சம்பந்தப்பட்டவர் வேறு படப்பிடிப்பில் இருக்கிறார், பொருள் "ஒரு பார்வைக்காக" வியாபாரியிடம் போயிருக்கிறது என்கிறார். விற்க மாட்டேன் என்று கேமரா முன்னால் சொன்ன பொருள் எப்படி ஒரு வியாபாரி கைக்குப் போனது? எந்த வியாபாரி? யார் கையெழுத்தில் போனது? இந்தக் கேள்வியை நான் விடப்போவதில்லை.

அப்புறம் ஒருவழியாகக் கிடைத்தபோது டிஷ்யூ காகிதத்தில் சுற்றி ஒரு கவருக்குள் போட்டிருந்தது. அம்மா தைத்த வெல்வெட் பை இல்லை. சாவி இல்லை. நல்லவேளையாக அதே அளவில் ஒரு சாவியைக் கடிகாரம் பழுது பார்ப்பவர் வைத்திருந்தார், அவர் போட்டுத் திருகிப் பார்த்தார், பிடிப்பே இல்லாமல் சுற்றியது. திறந்து காட்டினார். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கடிகாரங்களில் ஸ்பிரிங் முழுதாகச் சுற்றியிருக்கும்போதும் தளர்ந்துபோகும்போதும் ஓட்டம் மாறாமல் இருக்க ஃப்யூசி என்று ஒரு கூம்புச் சக்கரம் இருக்கும், அதன்மேல் சைக்கிள் செயின் மாதிரியே கண்ணி கண்ணியாகக் கோத்த சங்கிலி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன் என்று தோன்றும். அது அறுந்து, சுருண்டு ஒரு மூலையில் கிடந்தது. யாரோ தெரியாமல் வலுக்கட்டாயமாகத் திருகியிருக்கிறார்கள் என்றார். உங்களிடம் கொடுத்தபோது ஓடிய கடிகாரம், உங்கள் அரங்கில் அது டிக் டிக் என்று ஓடுவதை மைக் வைத்துப் பதிவுசெய்து ஒளிபரப்பியிருக்கிறீர்கள். அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இதைச் சொல்லப் போன் பண்ணியபோதுதான் உங்கள் ஒருங்கிணைப்பாளர் அந்த வார்த்தையைச் சொன்னார். எத்தனை நாள் ஆனாலும் என் காதை விட்டுப் போகவில்லை. "பழசுன்னா ரிப்பேர் ஆகத்தான் சார் செய்யும். டிவியில வந்தீங்கல்ல, அதுவே பெரிய விஷயம்தானே?" டிவியில் வந்தேன். எப்படி வந்தேன்? நான் விலை வேண்டாமென்று எழுந்த இடத்தில் ஒரு சோகப் பின்னணி இசையைப் போட்டு, "ஆசை அளவு மீறினால்" என்று தொகுப்பாளரைப் பேசவைத்து, பேராசைக்காரன் மாதிரி காட்டினீர்கள். சொந்தக்காரர்கள் கூப்பிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே என்கிறார்கள். என் தாத்தா ஒரு பொய் பேசாத மனிதர், அவர் வைத்திருந்தது போலி என்று ஊர் முழுக்க நம்புகிறது. எங்கள் குடும்பத்தின் மானமே போய்விட்டது, இதற்கு எவ்வளவு கொடுத்தாலும் ஈடாகாது. அந்த ஒருங்கிணைப்பாளர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வருத்தம் தெரிவித்திருந்தால்கூட நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்.

நீங்கள் நல்ல நிகழ்ச்சி நடத்துகிறீர்கள் என்று நம்பித்தான் வந்தேன், இப்போதும் சுமுகமாக முடிக்கவே விரும்புகிறேன். ஃப்யூசி சங்கிலி மாற்றத் தெரிந்த கைதேர்ந்த ஆளிடம் உங்கள் செலவில் கொடுத்துச் சரிசெய்யுங்கள், ஆளை நான் சொல்கிறேன், நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாவியும் பையும் திரும்ப வேண்டும். "முலாம்" என்று சொன்னது தவறு என்று நிபுணர் அடுத்த பகுதியில் கேமரா முன்னால் மூடியைத் திறந்து முத்திரையைக் காட்டிச் சொல்ல வேண்டும், அதுவரை இணையத்தில் கிடக்கும் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். கடிகாரம் எந்தெந்தக் கைக்குப் போனது என்று எழுத்தில் வேண்டும். இந்த மாத இறுதிக்குள் பதில் வரவில்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும், நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அமைப்புக்கும் இதே கடிதம் போகும். சும்மா மிரட்டுகிறான் என்று நினைக்க வேண்டாம். 'ஆன்டிக்ஸ் ரோட்ஷோ'வின் அமெரிக்கப் பதிப்பில் தோன்றிய ராணுவப் பழம்பொருள் நிபுணர்கள் இருவர் போலியாக ஒரு மதிப்பீட்டை அரங்கேற்றியதும், குடும்பங்களிடம் குறைந்த விலைக்கு வாங்கிப் பல மடங்குக்கு விற்றதும் அம்பலமாகி வழக்காகி, 2002-இல் ஒருவர் சிறைத்தண்டனையே பெற்றார். உங்கள் ஆட்கள் அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் நான் என்னதான் நினைப்பது?

மூடியின் உள்பக்க முத்திரைகள், அறுந்த சங்கிலி, பாலிஷ் மாவு அடைத்த வேலைப்பாடு, எல்லாவற்றின் படங்களையும் இணைத்திருக்கிறேன். பழுது பார்ப்பவர் கைப்பட எழுதிக் கொடுத்த குறிப்பும் இருக்கிறது. இனிமேல் போனில் பேச மாட்டேன், எதுவானாலும் எழுத்தில் வரட்டும், அந்த ஒருங்கிணைப்பாளர் மூலமாக வேண்டாம்.

இப்படிக்கு,
கடிகாரத்தின் உரிமையாளர்

பி.கு.: சாவியைச் சாதாரணத் தபாலில் போட்டுவிடாதீர்கள். ஆளிடம் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.