விளைபொருளிலும் வில்லங்கம் பாருங்கள்

அமெரிக்கப் பண்ணைகளிலிருந்து ஆடு, முட்டை, தானியம் ஆகியவற்றை நேரடியாகக் கொள்முதல் செய்யும் தமிழ் வணிகர்களுக்கு,

வணக்கம். ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதென்றாலும் வில்லங்கம் பார்க்கிற நாம், பண்ணையில் சரக்கு எடுக்கும்போது விலையையும் தரத்தையும் மட்டுமே பார்க்கிறோம். விளைபொருளை ஈடாகக் கொண்டு விவசாயிக்குக் கடன் கொடுத்த வங்கி அனுப்பும் அறிவிப்பு கைக்கு வந்தாலும், அந்த வங்கியோடு நமக்கு வரவு செலவு இல்லை என்று ஒதுக்கிவிடுகிறோம். தயவுசெய்து அதை ஒதுக்காதீர்கள்.

கடைக்காரரிடம் வழக்கமான வணிகத்தில் சரக்கு வாங்கியவரிடம், அக்கடைக்காரருக்குக் கடன் கொடுத்தவர் உரிமை கோர முடியாது என்பது அந்நாட்டு வணிகச் சட்டத்தின் பொது விதி. விவசாயியிடம் வாங்கியவருக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லாதிருந்ததால், விற்ற பணத்தை விவசாயி வங்கியில் கட்டாதபோது, முழு விலையும் கொடுத்தவரே மறுபடியும் கொடுக்க நேர்ந்தது. 1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. ஆனால் முறைப்படி அறிவிப்புப் பெற்றவரை அது காப்பதில்லை. பால், முட்டை, மேப்பிள் பாகு வரை இச்சட்டத்துக்குள் அடங்கும்.

அயோவா போன்ற மாநிலங்களில் கடன் கொடுத்தவரே வாங்குபவருக்கு நேரடியாக எழுதுகிறார். நெப்ராஸ்கா, வட டகோட்டா போன்றவற்றில் மாநிலச் செயலர் அலுவலகத்தில் இத்தகைய கடன்களுக்கான மையப் பதிவேடு இருக்கிறது. அங்கே வாங்குபவராகப் பதிவு செய்துகொள்ளாதவர், அறிவிப்பு எதுவும் வராவிட்டாலும், பதிவேட்டில் உள்ள கடனுக்குக் கட்டுப்பட்டவரே. உங்கள் கடை நியூஜெர்சியில் இருக்கலாம். பொருள் விளைந்த மாநிலத்தின் முறையே கணக்கில் கொள்ளப்படும். பத்து ஆடு வாங்குபவருக்கு இது பெருஞ்சுமைதான், கடன் கொடுத்தவரின் கண்காணிப்பு வேலையில் பாதி நம் தலையில் விழுகிறது என்பதே என் கருத்து. எனினும் பழைய நிலையைவிட இது மேல்.

அறிவிப்பு வந்தால் அதில் பணம் செலுத்த விதித்துள்ள நிபந்தனையைப் படியுங்கள். பெரும்பாலும் விவசாயி பெயரும் வங்கி பெயரும் சேர்ந்த காசோலையைக் கேட்பார்கள். கடன் அடைந்துவிட்டது என்று விவசாயி வாய்வார்த்தையாகச் சொன்னால், அவர் நேர்மையானவரே ஆனாலும், வங்கியிடமிருந்து எழுத்தில் விடுவிப்புப் பெறாமல் அவர் பெயருக்கு மட்டும் காசோலை எழுதாதீர்கள். நேரடி அறிவிப்பு விற்பனைக்கு முந்தைய ஓராண்டுக்குள் கிடைத்திருந்தால்தான் செல்லும்; ஆகவே அது கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து, உறையோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் கொள்முதல் செய்யும் ஒருவர்