கச்சத்தீவில் ஒதுங்க விடுங்கள்

மீன்வளத்துறை, வெளியுறவுத்துறை அதிகாரிகளுக்கும், தேர்தல் வந்தால் மட்டும் கச்சத்தீவை நினைத்துக்கொள்ளும் தலைவர்களுக்கும், பாம்பன் நாட்டுப்படகு மீனவன் ஒருவனின் வணக்கம்.

கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தை உங்களுக்கு நான் படித்துக்காட்ட வேண்டியதில்லை. நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசா வேண்டாம் என்கிறது ஐந்தாம் பிரிவு. அதற்கு ‘வலை உலர்த்தும் உரிமை’ என்று ஒரு பெயரும் இங்கே நிலைத்துவிட்டது. பருத்தி வலை என் தாத்தாவோடு போயிற்று ஐயா. நைலான் வலையை உலர்த்த யாரும் தீவு தேடிப் போவதில்லை. எங்களுக்கு வேண்டியது ஆபத்தில் ஒதுங்க ஓர் இடம்.

போன ஆடியில் என் மைத்துனரின் வள்ளத்தில் எஞ்சின் படுத்துவிட்டது. கச்சான் காற்று வள்ளத்தைத் தீவுப் பக்கமே தள்ளியது. சும்மா இருந்திருந்தால் கரை ஏறியிருக்கலாம். ஆனால் தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் முன்னாலேயே எல்லைக்கோடு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், தாண்டினால் சிறை, வள்ளமும் போகும். ஆகவே நான்கு பேரும் நங்கூரத்தைப் போட்டு, இரவெல்லாம் மாறி மாறித் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். கரை சேர்க்க வந்த காற்றை எதிர்த்து நங்கூரம் போட்ட கடலோடிகள் வேறு எங்காவது உண்டா? விடிந்தபோது தீவிலுள்ள அந்தோணியார் கோயில் கூரை கண்ணெதிரே தெரிந்ததாம். கேனில் குடிக்க ஒரு சொட்டு இல்லை.

தீவில் இறங்கியிருந்தாலும் நல்ல தண்ணீர் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம். 285 ஏக்கர் மணலும் கல்லும் புதரும்தான்; குடியிருப்பு கிடையாது. மேடையில் சிலர் அதை எரிமலை கக்கிய தீவு என்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லும் பவளக் கல்லும் கிடக்கிற இந்தக் கடலில் எரிமலையைக் கண்டுபிடித்தவர்களுக்கு, நடுக்கடலில் நிற்கும் எங்கள் வள்ளம் மட்டும் கண்ணில் படவில்லை.

மீன்பிடிக்கக் கேட்கவில்லை. அதை இரு நாடுகளும் எழுதிக்கொண்ட 1976 கடிதங்களிலேயே முடித்துவிட்டீர்கள். நம் விசைப்படகுகளின் இழுவைமடி கடலடியைச் சுரண்டியதையும், யாழ்ப்பாணத்து மீனவனின் வலையை அறுத்ததையும் நான் மறைக்கவும் இல்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக எஞ்சின் நின்றுபோன வள்ளமும் குற்றவாளியா?

தீவை மீட்பது உங்கள் வசதிப்படி நடக்கட்டும். அதுவரை, பழுதான படகு காற்று தணியும்வரை அங்கே ஒதுங்கலாம், அதற்காகக் கைது கூடாது என்று கொழும்புடன் பேசி எழுத்தில் வாங்கித்தாருங்கள். அடுத்த ஆடிக்கு முன்னால் கிடைத்தால் நல்லது. தயவுசெய்து.