உதகையில் இடிபடும் பழைய வீடுகளுக்கு யார் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உதகையின் நெரிசலைக் குறைக்க, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. மலையேறும் வண்டிகளுக்கு இப்போது கணக்கு இருக்கிறது. அவற்றில் வருவோரைத் தங்கவைப்பதற்காக இடிபடும் வீடுகளுக்குத்தான் கணக்கே இல்லை.

எங்கள் தெருவில் கருங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும் இரண்டு புகைபோக்கிகளுமாக இருந்த ஒரு வீடு, சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் தரைமட்டமானது. தேக்குச் சன்னல்களைக் கழற்றி லாரியில் ஏற்றியபோது, பச்சை, வெள்ளை, மறுபடியும் பச்சை என்று மூன்று தலைமுறை பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்து தெரிந்தது. பின்புற மேட்டைப் பொக்லைனால் செங்குத்தாக வெட்டி, தடுப்புச்சுவர் எழுப்பி, தங்கும் விடுதி கட்டிவிட்டார்கள். அந்த மேட்டில் கசிந்து ஓடையில் சேர்ந்த ஊற்றுநீர், இப்போது சுவரைச் சுற்றிக்கொண்டு சாலையில் வழிகிறது. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல் பல மழைக்காலம் வாளி வைத்துச் சமாளித்தவர் அவர்.

மலைப்பகுதிகளுக்கான 1993-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்கின்றன. அந்த விதி தேவையானதுதான். ஆனால் கட்டப்போகும் இடத்தில் ஏற்கெனவே என்ன இருந்தது என்று அது கேட்பதில்லை. பாரம்பரியம் என்றதும் 1822-இல் அன்றைய கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் எழுப்பிய கல் பங்களா, நீலகிரி நூலகம், 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலை ரயில் ஆகியவற்றோடு நாமும் நிறுத்திக்கொள்கிறோம். சல்லிவன் வருவதற்கு முன்பே இம்மலையில் வாழ்ந்த தோடர் பழங்குடியினரின் மந்துகளும் (குடியிருப்புகளும்), தாவரவியல் பூங்காவை ஒட்டிய மந்து உட்பட, அந்த வரிசையில் நம் நினைவுக்கு வருவதில்லை. ஒத்தைக்கல் மந்து என்பதே உதகமண்டலம் ஆயிற்று என்று சொல்லிக்கொள்ளும் ஊர் இது.

எனவே, நகராட்சி வார்டு வாரியாகப் பழைய வீடுகள், மந்துகள், ஊற்று வாய்க்கால்கள் அனைத்தையும் கணக்கெடுத்துப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பட்டியலில் உள்ள கட்டடத்தை இடிக்க விண்ணப்பம் வந்தால், முப்பது நாள் அறிவிப்புக்குப் பிறகே முடிவெடுக்க வேண்டும். பழுதுபார்த்துக் குடியிருப்போருக்குச் சொத்துவரியில் சலுகை தர வேண்டும். அது இல்லாமல் பட்டியலால் மட்டும் எந்த வீடும் நிற்காது.

அடுத்த தெருவில் இரண்டு வீடுகளைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கணக்கெடுப்பு இந்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
உதகமண்டலம் வாசகர் ஒருவர்