ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் எங்கே?

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்னையில் புதிதாக எழும் அடுக்குமாடிகள் பல, துறைமுகத்தில் அடுக்கிய கன்டெய்னர்களைப் போல வழுவழுப்பான முகப்போடு நிற்கின்றன. தோற்றம் அவரவர் ரசனை. சன்ஷேடையே எடுத்துவிட்டதுதான் எங்கள் கவலை.

தெற்கு ஜன்னலுக்கு 60 செ.மீ. சன்ஷேட் போட்டால், டிசம்பர் உச்சிவெயிலிலும் அதற்குக் கீழே சுமார் 80 செ.மீ. வரை நிழல் விழும். மேற்கில் இது போதாது. மாலைச் சூரியன் தாழ்ந்து வருவதால் பக்கவாட்டுத் தடுப்போ ஆழமான பால்கனியோ வேண்டும். உள்ளே திரை போட்டுப் பெரிய பயனில்லை. வெப்பம் அதற்குள் கண்ணாடியைத் தாண்டிவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழையில் சேதம் இன்னும் அதிகம். சாரல் நேராகச் சுவரில் அடித்து, வழிந்து, ஜன்னல் சட்டத்துக்கும் பூச்சுக்கும் இடையிலுள்ள மயிரிழை வெடிப்பில் இறங்கும். அங்கே அடைப்பாக வைத்த சிலிக்கான் பசை நாளடைவில் பிரிந்துவிடும். இதில் கொடுமை, ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் நீர் வடிய விட்ட துளைகளையும் சேர்த்தே சிலிக்கானால் அடைத்துவிடுவது! தேங்கிய நீர் அறைக்குள்தான் வரும்.

வீடு வாங்குவோர் ஜன்னலின் வெளித்திட்டில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; அது வெளிப்பக்கம் ஓட வேண்டும். சன்ஷேட் இருந்தால், அதன் அடிவிளிம்பில் அரை அங்குலக் காடி (நீளவாக்கில் ஓடும் பள்ளம்) இருக்கிறதா என்றும் பாருங்கள். காடி இல்லையென்றால் நீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து சுவருக்கு வந்துவிடும். கட்டும்போதே சன்ஷேடை லிண்டலோடு (ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் விட்டம்) சேர்த்து வார்த்தால் செலவு குறைவு.

கட்டடப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை.