ஆறு கட்டு பீடியும் வருமான வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரிச் சீர்திருத்தம் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கடிதங்களில், மாதச் சம்பளக்காரரான வாசகர் ஒருவர், நாட்டில் வரி கட்டுபவர்கள் கைப்பிடி அளவினர்தாம் என்றும், மற்றவர்கள் அவர்கள் பணத்தில் இலவசங்களை அனுபவிக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். முக்கூடலில் முப்பது ஆண்டுகளாகக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, விற்பனை வரிக் காலத்திலிருந்து ஜி.எஸ்.டி. காலம் வரை படிவங்களை நிரப்பி வரும் எனக்கு, அவருடைய ஆதங்கத்தில் பாதி நியாயமாகவும் பாதி கணக்குப் பிழையாகவும் தெரிகிறது.

நியாயமான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பளம் வாங்குபவருக்குப் பணம் கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்பட்டுவிடுகிறது. கார், பெட்ரோல், செல்போன் என்று செலவுக் கணக்கில் ஏற்றி வருமானத்தைக் குறைத்துக் காட்டும் வழி வியாபாரிக்கு உண்டு, அவருக்கு இல்லை. அந்தச் செலவுகளைப் பேரேட்டில் ஏற்றுபவன் நான்தான் என்பதால் இதை மறுக்க எனக்கு வாயில்லை.

பிழையான பாதி, ‘வரி கட்டுபவர்’ என்ற சொல்லில் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மா காலையில் வீட்டு வேலை முடிந்ததும் திண்ணையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால், இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, மாலையில் பீடிக்கடைக்குக் கொண்டுபோகும் வரை எழுந்திருப்பது அபூர்வம். அவரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது, “நமக்கு ஏது அண்ணாச்சி வரி? நாம என்ன கம்பெனியா நடத்துதோம்?” என்று சிரித்தார். அன்றுதான் மகளுடைய போனுக்கு 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்திருந்தார். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, அதாவது 45 ரூபாய் 60 காசு. ஆயிரம் பீடிக்குக் கூலி 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இது ஏறத்தாழ 150 பீடி; கட்டுக்கு 25 என்றால் ஆறு கட்டு. அவர் அந்த ஆறு கட்டையும் அரசாங்கத்துக்காகச் சுற்றியிருக்கிறார். அவருக்கும் அது தெரியாது, நம் வாசகருக்கும் தெரியவில்லை. அதே திட்டத்துக்கு ரீசார்ஜ் செய்யும் கோடீஸ்வரரும் அதே 45 ரூபாய் 60 காசைத்தான் கட்டுகிறார். விலையோடு சேர்த்து வசூலிக்கும் மறைமுக வரியின் அடிப்படைக் கோளாறே இதுதான்: பொருளைப் பார்க்கிறது, வாங்குபவரின் மடியைப் பார்ப்பதில்லை.

இது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. சோப்பு உறையைத் திருப்பிப் பார்த்தால் விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்றுதான் இருக்கும். எத்தனை காசு வரி என்று இருக்காது. வருமான வரி கட்டுபவருக்குப் படிவமும் ரசீதும் இருப்பதால் பேசுவதற்கு உரிமை இருக்கிறது. பீடி சுற்றுபவரிடம் ரசீது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை ஆகியவற்றுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது நல்ல காரியம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குறைப்பு வரும்வரை, 2017 ஜூலையிலிருந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் கட்டியது யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்கலாம் அல்லவா? அவர் சுற்றும் பீடிக்கே 2017-இல் 28 சதவீதமும் பீடி இலைக்கு 18 சதவீதமும் விதித்தார்கள். புகைக்குத்தானே வரி என்று சொல்லலாம். அதன் சுமை, கடையில் கொடுக்கும் இலை குறைந்து வேலையும் குறைந்த நாள்களாக எங்கள் ஊர்த் திண்ணைகளில் வந்து இறங்கியது.

அரிசி விஷயம் இன்னும் வேடிக்கையானது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான, விவரம் அச்சிட்ட அரிசிப் பைகளுக்கு 5 சதவீத வரி வந்தது. சில நாள்களிலேயே நான் கணக்கு எழுதும் மளிகைக் கடைக்கு 26 கிலோ மூட்டைகள் வந்து இறங்கின. ஒரு கிலோ கூடியது, வரி காணாமல் போயிற்று. சட்டப்படி அதில் எந்தத் தவறும் இல்லை. மூட்டைக்கு மொத்தமாகப் பணம் எடுத்து வைக்கக்கூடிய வீடு வரியில்லாமல் சாப்பிடுகிறது. வாரக் கூலியில் 5 கிலோ, 10 கிலோ பை வாங்கும் வீடு வரி கட்டிச் சாப்பிடுகிறது. (உதிரியாக அளந்து வாங்கினால் வரி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இனி மேல்தட்டுப் பக்கம் வருவோம். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு வருமான வரியின் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவையும் (செலவுக்கு ரசீது காட்டாமலே சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் தொகை) சேர்த்தால் 12.75 லட்சம். ஆக, மாதம் ஒரு லட்சம் வாங்குபவரும் பக்கத்து வீட்டு அம்மாவும் வருமான வரியைப் பொறுத்தவரை ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதற்கும் மேலே, 24 லட்சத்தைத் தாண்டிய சம்பளத்துக்கு 30 சதவீதம். ஆனால் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று எத்தனை கோடி லாபம் பார்த்தாலும் அடிப்படை விகிதம் 12.5 சதவீதம்தான். வாசகர் கோபப்பட வேண்டிய இடம் இது. 2019 செப்டம்பரில் கம்பெனி வரி 30-இலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே மதிப்பிட்டது. அதை யாரும் இலவசம் என்று அழைக்கவில்லை.

சலுகைக்கு உதாரணம் தேடி டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. பணகுடி, ராதாபுரம் பக்கம் பஸ்ஸில் போனால் இருபுறமும் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவற்றில் பலவற்றை நட வைத்தது காற்று மட்டும் அன்று. முதலீட்டின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாக (இயந்திரம் பழசாவதற்கான செலவாக) லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சலுகையும்தான். தொண்ணூறுகளில் அது 100 சதவீதம், பின்னர் 80, 2017 முதல் 40. மின்சாரம் கிடைத்தது, நாட்டுக்கு நன்மையே. ஆனால் லாபம் மிகுந்தவர் மட்டுமே பயன்படுத்திக்கொள்ளக்கூடிய சலுகை அது. கட்ட வேண்டிய வரி இருந்தால்தானே கழிக்க முடியும்?

செல்வ வரி, வாரிசு வரி பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின்மீது 1953-இல் வந்த வாரிசு வரி 1985-இலும், பணக்காரர்களின் சொத்து மதிப்பின்மீது 1957-இல் வந்த செல்வ வரி 2015-இலும் நீக்கப்பட்டன. செல்வ வரியால் 2013-14-இல் கிடைத்தது 1,008 கோடி ரூபாய்தான் என்று அப்போது காரணம் சொன்னார்கள். அந்தத் தொகை சிறியது என்பது உண்மை. ஆனால் நிலத்தை அரசு குறித்த வழிகாட்டி மதிப்புக்குப் பதிந்து மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கம் உள்ள நாட்டில் அது வேறெப்படி இருக்கும்? மதிப்பீட்டைச் சரிசெய்யாமல் வரியை மட்டும் திரும்பக் கொண்டுவந்தால் பழைய கதைதான் நடக்கும் என்பதால், ‘பணக்காரனுக்கு வரி போடு’ என்ற வெறும் முழக்கத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. 2022-இல் தமிழகத்தில் வீட்டு வரியை உயர்த்தியபோது எங்கள் பகுதியிலும் முணுமுணுப்பு இருந்தது. ஆயினும் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீத உயர்வு, 1,800 சதுர அடியைத் தாண்டிய வீட்டுக்கு 100 சதவீதம் என்று வீட்டின் அளவைப் பார்த்தாவது ஏற்றினார்கள். பங்கு லாபத்திலும் அப்படியொரு படிநிலையை, சிறு முதலீட்டாளரைத் தொடாமல், கோடிகளில் ஈட்டுபவருக்குச் சம்பள விகிதமே பொருந்தும்படி கொண்டுவருவது நடக்கக்கூடிய சீர்திருத்தம் என்பது என் கருத்து.

தங்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் பட்ஜெட்டுக்கு மறுநாள் ‘உங்களுக்கு எவ்வளவு வரி?’ என்று பத்திரிகைகளில் ஓர் அட்டவணை வருகிறது. அதன் முதல் வரிசையில் ‘வரி இல்லை’ என்று போட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த வருமானம் உள்ளவர்களை விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை அந்த வரிசைக்கு மேலே இன்னொரு வரிசை சேர்த்து, மாதம் ஏழாயிரம் ரூபாய் வருமானமுள்ள ஒரு வீடு கடையில் கட்டும் வரியைப் போடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் ஒரு மாதச் செலவை, ரீசார்ஜ் முதல் மகனின் வண்டிக்குப் போட்ட பெட்ரோல் வரை, சீட்டுகளோடு எழுதித் தர நான் தயாராக இருக்கிறேன். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் ஒரு வாசகர்,
முக்கூடல், திருநெல்வேலி மாவட்டம்.