பாக்கி வைத்தவனுக்குப் பந்தி இல்லையா? நம் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும் கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

சென்ற மாதம் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து (ராப்போஜனம்) ஆராதனையில் என் தம்பிக்கு நேர்ந்ததை நீங்கள் கண்ணாரக் கண்டீர்கள். குடியிலும் கடனிலும் கிடந்து, பல ஆண்டுகள் ஆலயத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் அவன் என்பதும் நீங்கள் அறிந்ததே. அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது நானோ எங்கள் அம்மாவோ அல்ல. நீங்கள் நடத்திய எழுப்புதல் கூட்டம்தான். ‘சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள்’ என்ற எரேமியாவின் வசனத்தை அச்சிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆலய வாசல்வரை பிளெக்ஸ் கட்டியது உங்கள் கமிட்டி. கடைசி இரவில் தங்களைக் கிறிஸ்துவுக்கு ஒப்புக்கொடுக்க அழைத்தபோது, முன்னே போய் மணலில் முழங்காற்படியிட்டவர்களில் அவனும் ஒருவன்.

அப்படி வந்தவன், சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லி, குருவானவர் கூறிய பாவமன்னிப்பையும் கேட்டுவிட்டுப் பீடத்தை நோக்கி வரிசையில் நின்றபோது, உங்கள் உறுப்பினர் ஒருவர் அவன் தோளில் கைவைத்து, சபைக்குக் கட்டவேண்டிய சந்தா பாக்கியைத் தீர்த்து ரசீது கொண்டுவந்த பிறகு திருவிருந்து எடுக்கலாம் என்றார். தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே அது கேட்டது. பின்னால் நின்றவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு பீடத்துக்குப் போனார்கள். ஆராதனை முடிந்து ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரியில் சந்தா நோட்டைப் புரட்டிக் காட்டினார்கள். அவன் ஊரிலேயே இல்லாத ஆண்டுகளின் சந்தா, அசன வரி (சபை விருந்துக்கான வரி), கோபுர நிதி எல்லாம் அவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஏறியிருந்தன. குடோனில் இரவுக் காவல் பார்க்கிறவனால் அதை ஒரே மூச்சில் கட்ட இயலாது. நான் கட்டிவிடுகிறேன் என்றேன். “காசக் கட்டிட்டுத்தான் ராப்போஜனம் எடுக்கணும்னா, அது எனக்கு வேண்டாங்கா” என்று சொல்லிவிட்டான். இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடியும்வரை மட்டும் இருந்துவிட்டு, திருவிருந்துப் பாட்டு தொடங்கும்போது எழுந்து போய்விடுகிறான்.

என் விண்ணப்பம் ஒன்றே. திருவிருந்துக்கும் சந்தாவுக்கும் நீங்கள் போட்டிருக்கும் முடிச்சை அவிழ்த்துவிடுங்கள்.

பின்வாங்கிப்போனவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. 250ஆம் ஆண்டு டெசியஸ் பேரரசனின் ஆணைக்குப் பயந்து, ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கிய கிறிஸ்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு மீண்டும் இடமே இல்லை என்று ரோமில் நொவாசியன் என்ற குரு பிடிவாதமாக நின்றார். மனந்திரும்புதலைச் சோதித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் ஆயர் சிப்ரியான் தலைமையில் 251இல் கூடிய ஆயர்கள் முடிவுசெய்தார்கள். திருச்சபை நொவாசியனின் வழியில் போகவில்லை. 325இல் நிசேயாவின் திருச்சபைப் பொதுச்சங்கத்தில் கூடிய ஆயர்களும், தவறியவர்களுக்கு நீண்ட தவக்காலத்தை விதித்தார்களே ஒழிய, கதவை அடைக்கவில்லை. சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் திருவிருந்தை மறுக்கலாகாது என்றும் எழுதிவைத்தார்கள். தவறியவர்களைப் பற்றிய அந்த விதிகள் கண்ணீரையும் பொறுமையையும் பேசுகின்றன. நிலுவைத் தொகையைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. விக்கிரகத்துக்குப் பலியிட்டவனுக்குக் கிடைத்த வழி, அசன வரி கட்டாதவனுக்குக் கிடைக்கவில்லை.

சபை ஒழுங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குருவானவர் அவனை அழைத்துப் பேசி, சில காலம் ஆயத்தப்படு என்று சொன்னால் அவன் தலைவணங்குவான். அந்தப் பொறுப்பு மேய்ப்பருக்கு உரியது, பொருளாளருக்கு உரியதன்று. கொரிந்து சபையில் கண்டிக்கப்பட்டவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனை மன்னித்து ஆறுதல்செய்யுங்கள் என்று பவுல் எழுதியது, ஒரு சபை முழுவதற்கும்தான்.

இவ்வளவு கண்டிப்பான உங்கள் சந்தா நோட்டு, சேகரத் தேர்தல் வரும்போது மட்டும் எப்படி இளகிவிடுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது. சென்னையிலும் மும்பையிலும் இருந்துகொண்டு கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப்பார்க்காதவர்களின் பாக்கியெல்லாம் யாரோ ஒரு புண்ணியவானின் கையால் ஒரே நாளில் தீர்ந்து, அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. அவர்கள் மனந்திரும்பினார்களா என்று எவரும் விசாரித்ததில்லை. துக்க வீட்டிலும் இதே கதைதான். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதற்கு முன்பே சந்தா நோட்டு வந்துவிடுகிறது.

இருக்கட்டும், கேட்க வந்ததற்கே வருகிறேன். சந்தாவை வசூலியுங்கள், இந்த மாதம் முதல் அவன் தன் பங்கைச் செலுத்துவான், பழைய பாக்கியையும் தவணையில் தீர்ப்பான். ஆனால் அதைத் திருவிருந்துக்கு நிபந்தனையாக்காதீர்கள். பழங்கால ரோமில் தவம் முடித்தவர்களைச் சபையில் மீண்டும் சேர்த்தது, புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழனன்று. இந்த ஆண்டு அந்த நாளுக்கு முன்பாகக் கமிட்டி கூடி, இந்த நடைமுறையைக் கைவிடுவதாகத் தீர்மானம் எழுதி, அதை ஞாயிறு அறிவிப்பில் வாசிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தனிப்பட்ட சலுகையாக அவனை மட்டும் அனுமதிப்பதாக இருந்தால், அது வேண்டாம். அவனைப்போல் வாசலோடு நிற்பவர்கள் இந்தச் சேகரத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத ஒரு சபை அங்கத்தினர்
(ரசீதுகள் கைவசம் உள்ளன)